இரண்டு ஆணிகளுக்கு நடுவே

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவருக்கு ஸ்கேல் டீச்சர் என்று பெயர் வைத்தது நான்தான். பிள்ளைகள் வைத்த பெயர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருக்கு உண்மை தெரியும், ஆனால் கண்டுகொள்ளவில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு மர அடிஸ்கேல் இருக்கும். அடிப்பதற்கு இல்லை, பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைமேலும் அது பட்டதில்லை. அளப்பதற்குத்தான். சாப்பாட்டு நேரத்தில் என் டிபன் டப்பாவின் மூடியை அளந்து பார்த்து, இது இந்த டப்பாவின் மூடியே இல்லை, வீட்டில் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் எரிச்சல் வரும்.

அவருடைய கல்யாணக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். புகுந்த வீட்டில் புது மருமகளுக்கென்று ஒரு பீரோ செய்யச் சொல்லியிருந்தார்கள். இவர் வாசலையும் பார்த்தார், தச்சரிடம் கொடுத்திருந்த அளவையும் பார்த்தார். இரண்டு விரல் கூடுதல், உள்ளே போகாது என்றார். வந்த அன்றைக்கே அளவு சொல்கிறாளே என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். பீரோ வந்தது, வாசலில் மாட்டிக்கொண்டது, மூன்று மாதம் வெளியில் மழையில் நனைந்து உப்பிப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு முக்காலி வாங்குவதாக இருந்தாலும் இவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர்கூட இவரை வீட்டில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சரியாக அளந்து சொன்ன ஒருத்தியின் பேச்சை யாரும் காதில் வாங்காதபோது என்ன நடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் பள்ளியில் இல்லை. இதை நான் குத்திக்காட்டுவதற்குத்தான் சொல்கிறேன்.

என் வகுப்பு இரண்டாம் வகுப்பு. அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வருடம் பள்ளி திறந்த நான்காவது வாரத்தில் இருந்து அந்தச் சுவர் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருபத்தெட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கம் முப்பத்தொரு பிள்ளைகள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டலும் கழித்தலும் நடத்திக்கொண்டிருந்தோம்.

ஏன் தெரியவில்லை என்று பிறகு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஆரம்பப் பள்ளி வகுப்பறைக்குள் ஒரு தடவை வந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே சுவரே கண்ணில் படாது. எழுத்து அட்டை, பழங்களின் படம், பிள்ளைகள் வரைந்த வீடு, மரம், சூரியன் என்று தரையில் இருந்து கூரை வரை ஏதாவது ஒட்டியிருக்கும். என் பக்கம் சுவரை ஒட்டிப் பச்சை நிற இரும்பு பீரோ. அவர் பக்கம் மேலே எழுத்து அட்டைகள், கீழே குட்டையான புத்தக அலமாரி, நடுவில் அந்தப் பெரிய அட்டவணை.

அட்டவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் அந்த வயதில் எட்ட வேண்டிய படிகள் என்று மேலிடத்தில் இருந்து ஒரு பட்டியல் வரும். நிறுத்தி வாசிப்பது, கடிகாரம் பார்ப்பது, அளப்பது என்று முப்பது நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: எட்டிவிட்டது, நெருங்கிவிட்டது, இன்னும் முயல வேண்டும். எங்களில் பாதிப் பேர் வருடக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு குறிப்போம். அவர் அப்படி இல்லை. படியை எட்டிய பிள்ளைக்கு அன்றைக்கே அட்டவணையில் ஒரு ஸ்டார் ஒட்டுவார், வகுப்பே கைதட்டும். அந்த ஸ்டாருக்காகப் பிள்ளைகள் காய்ச்சலோடு பள்ளிக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அளக்கும் படியை எட்டாமல் ஒரு பிள்ளைகூடத் தன் வகுப்பைத் தாண்டிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. அது வெறும் பெருமை இல்லை, உண்மையும்கூட.

அட்டவணையைக் கயிறு கட்டி மாட்டியிருந்த இரண்டு ஆணிகளை அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் தன் கையாலேயே அடித்திருந்தார். நடுவில் மூன்று அடிஸ்கேல் நீளம். தொண்ணூறு சென்டிமீட்டர், ஒரு மில்லிகூடக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அந்த வருடச் செயல்திட்டத்துக்கு அவர் 'மாறுவது, மாறாதது' என்று பெயர் வைத்தார். பத்து வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அளக்க ஒரு பொருள். பாதிப் பேருக்கு மாறுகிற பொருள்: கண்ணாடித் தம்ளரில் முளைக்கும் அவரை, குழாயடியில் கரையும் சோப்பு, சீவச் சீவத் தேயும் பென்சில். மீதிப் பேருக்கு மாறாத பொருள்: மேசையின் நீளம், கதவின் அகலம், படிக்கட்டின் உயரம். மாறாத பொருளைப் பத்து தடவை அளந்தும் ஒரே எண் வந்தால் அந்தப் பிள்ளையின் கை பழகிவிட்டது என்று அர்த்தம். யோசித்துப் பார்த்தால் நல்ல திட்டம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தையற்காரரின் மகளுக்கு அந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவில் உள்ள தூரம் கிடைத்தது. அவளைப் பிள்ளைகள் பட்டன் என்று கூப்பிடுவார்கள். குள்ளமாக, உருண்டையாக இருப்பாள். அப்பாவின் கடையில் பட்டன் தைக்கும் வேலை அவளுடையது, அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். முதல் வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்து ஒரு துணி டேப்பைக் கொண்டு வந்தாள். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். தொண்ணூறு. இரண்டாவது வாரமும் தொண்ணூறு, மூன்றாவது வாரமும் தொண்ணூறு.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கை இடித்துவிட்டுக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். அடியில் கார் நிறுத்த இரண்டு தளமாம். மண் அள்ளும் இயந்திரம் உறுமும்போது என் மேசையில் இருக்கும் தம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். தலைமையாசிரியை போய்ச் சண்டை போட்டார். எதற்காக? சத்தத்துக்காக. பரீட்சை நாட்களில் நிறுத்துகிறோம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், எங்களுக்கும் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை பட்டன் தொண்ணூறுக்குப் பக்கத்தில் இரண்டு மில்லி என்று எழுதினாள். ஐந்தாவது வாரம் ஐந்து மில்லி. அன்றைக்கு நான் சாக்பீஸ் வாங்க அந்த வகுப்புக்குப் போயிருந்தேன், அதனால் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"சுவர் என்ன அவரைச் செடியா, வாராவாரம் வளர்றதுக்கு?" என்று கேட்டார் ஸ்கேல் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பட்டன் மட்டும் பெஞ்சின் மேல் நின்றபடி இரண்டு ஆணிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

துணி டேப் இழுத்தால் நீளும் என்று சொல்லி, ஆறாவது வாரம் இரும்பு டேப்பைக் கொடுத்தார். எட்டு மில்லி வந்தது. சாய்ந்து பார்த்தால் கூடத்தான் காட்டும், கண்ணுக்கு நேராக வைத்துப் பார் என்று அவள் தலையைப் பிடித்துத் திருப்பினார். சாய்ந்து பார்க்கவில்லை டீச்சர் என்றாள் அவள். மறுபடியும் எட்டு. மூன்று எண்களையும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அட்டையில் 'இன்னும் முயல வேண்டும்' என்று எழுதினார். மாறாத பொருள் வைத்திருந்த பதினான்கு பேரில் ஸ்டார் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தானே பெஞ்சில் ஏறி அளந்திருக்கலாம். முழங்கால் வலி என்று அவர் ஏறவில்லை என்பது ஒரு காரணம்தான், பெரிய காரணம் அது இல்லை. அந்த ஆணி அவர் அடித்த ஆணி. விடை தெரிந்த கணக்கை எந்த டீச்சர் மறுபடி போட்டுப் பார்ப்பார்? பிள்ளையின் விடை நம் விடையோடு ஒத்துப்போகாவிட்டால் பிள்ளைதான் தப்பு. இந்த வேலையில் நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வது இதைத்தான், செய்வதே தெரியாமல் செய்கிறோம்.

ஏழாவது வெள்ளிக்கிழமை பட்டன் ஏறினாள், டேப்பை நீட்டினாள், வெகுநேரம் பார்த்தாள். இறங்கி வந்து நோட்டில் தொண்ணூறு என்று எழுதினாள். ஸ்கேல் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஸ்டாரை அவள் கையில் கொடுத்து அவளையே ஒட்டச் சொன்னார். அந்தக் கைதட்டல் சுவரைத் தாண்டி என் வகுப்பில் கேட்டது.

என் பக்கத்துக் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். என் பீரோவின் கதவு தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்திருந்தது. சாத்திவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே கிரீச் என்று சத்தம் வரும். பீரோவில் பேய் புகுந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லி விளையாட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் காலுக்கு அடியில் செய்தித்தாளை மடித்து வைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு மடிப்பு, அதற்கடுத்த வாரம் ஒரு பழைய பாடப்புத்தகம். காலையில் வந்தால் மேசையில் அடுக்கிய நோட்டுகள் மேல் சுண்ணாம்புத் தூள் படிந்திருக்கும், ஊதிவிட்டுத் திருத்துவேன். அவர் வகுப்பிலோ அட்டவணைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் போகாத பட்டை தெரிந்தது. ஆணிகள் விலக விலகக் கயிறு இழுபட்டு அட்டவணை மேலே ஏறியிருக்கிறது. நானோ அவர் கயிற்றைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பட்டையில் மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. எந்தக் குரங்கோ பென்சிலால் கிறுக்கியிருக்கிறது என்று எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தேன். அழியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்த விரல் எனக்குக் கூசுகிறது.

பத்தாவது வெள்ளிக்கிழமை செயல்திட்ட நாள். மத்தியானம் மூன்று மணிக்குப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவரை வளர்ந்த கோடு மேலே ஏறியது, பென்சில் தேய்ந்த கோடு கீழே இறங்கியது. பட்டனின் கோடு நேராகப் போய், நடுவில் மூன்று இடத்தில் மட்டும் லேசாக மேலே எழும்பி, மறுபடி நேராகப் போனது. எழும்பிய இடங்களில் சிவப்பு வட்டம். அவள் அட்டவணைக்கு நேர் கீழே, அலமாரியில் முதுகு படும்படி நின்றாள்.

தையற்காரர் கழுத்தில் டேப்போடு கடையில் இருந்து நேராக வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். மகளின் கோட்டை இரண்டு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து நீளமான அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். கழுத்து இத்தனை, தோள் இத்தனை என்று வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டு. கடைசிப் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் 'ஆணி' என்று தலைப்பு, கீழே பத்து எண்கள். நான்காவதில் இருந்து ஒன்றுகூடத் தொண்ணூறு இல்லை. அன்று மத்தியானம் சாப்பிடப் போனபோது எழுதிய எண் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் ஆறு மில்லி.

"டீச்சர், ஒரே துணிய ரெண்டு தடவ அளந்து ரெண்டு அளவு வந்தா நான் கத்தரி வைக்க மாட்டேன்" என்றார் அவர். "இதுல எது சரி?"

ஸ்கேல் டீச்சர் பட்டனைப் பார்த்தார். வீட்டு நோட்டில் ஒன்று, இங்கே ஒன்று ஏன் எழுதினாய் என்று அப்பாதான் கேட்டார்.

"அந்த நோட்டுல தப்பா எழுதினா சட்ட கெட்டுப் போயிடும்பா" என்றாள் பட்டன். "இதுல தொண்ணூறு எழுதினாத்தான் ஸ்டாரு."

பள்ளி நோட்டில் எதை எழுதினாலும் எதுவும் கெட்டுப் போகாது என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

ஸ்கேல் டீச்சர் பெஞ்சை இழுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மர அடிஸ்கேலை வைத்தார், விரலால் இடம் பிடித்தார், நகர்த்தி வைத்தார், மூன்றாவது தடவையும் வைத்தார். ஸ்கேல் முடிந்த இடத்தில் ஆணி இல்லை. இரண்டு விரல் தள்ளி இருந்தது. அவர் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அட்டவணையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்தது என் பீரோவின் பச்சை முதுகு.

அட்டவணையைத் தூங்கும் பிள்ளையை விடுவதுபோல் பழைய இடத்தில் விட்டார், இறங்கினார். எல்லாரும் வரிசையாக மைதானத்துக்குப் போங்கள், பையும் வேண்டாம், செருப்பும் வேண்டாம், ஓடக் கூடாது என்று வழக்கமான குரலில் சொன்னார். பட்டனை அலமாரியில் இருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் காதருகில் வந்து, "டீச்சர், உங்க பிள்ளைங்களும். இப்பவே" என்றார். நான் போய் என் பிள்ளைகளையும் வரிசையாக வெளியே கூட்டி வந்தேன். மைதானத்தில் எண்ணினோம். இருபத்தெட்டு, முப்பத்தொன்று. அவர் மறுபடி எண்ணினார். அதற்குப் பிறகும் எண்ணினார்.

தலைமையாசிரியை பள்ளியைப் பூட்டிவிட்டுப் போன் மேல் போன் போட்டார். மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பொறியாளர் படிவங்களோடு வந்தார். வாசலில் நின்று, எழுத வசதியாக ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது சுவர் விழுந்தது. நான் நினைத்த மாதிரி பெரிய சத்தம் இல்லை, மூட்டை மூட்டையாக எதையோ இறக்குகிற சத்தம். பின்னாலேயே பாதிக் கூரை வந்தது. தூசி அடங்கியபோது சுவரை ஒட்டிய முதல் மூன்று வரிசைப் பெஞ்சுகள் இருந்த இடம் தெரியவில்லை. பட்டன் உட்காருவது முதல் வரிசை.

பிள்ளைகளைக் காப்பாற்றிய ஆசிரியை என்று மேலிடத்தில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். ஒரு பிள்ளை மூன்று வாரம் சொன்னாள், மூன்று வாரமும் நான் தப்பு போட்டேன், இதில் இதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். அதையெல்லாம் வெளியில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், பள்ளியின் பெயர் என்ன ஆவது என்றார் தலைமையாசிரியை. நானும் அதையேதான் சொன்னேன், என் பீரோவும் அதற்குள் அடக்கம் அல்லவா. அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பட்டனின் அட்டையில் தன் சிவப்புக் குறிப்பை அடித்துவிட்டு, 'நான்காவது வாரமே எட்டிவிட்டாள், தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

இப்போது எங்கள் வகுப்புகள் ஒரு பழைய நூலகத்தின் மாடியில் நடக்கின்றன. ஒரே கூடம், நடுவில் ஒரு தட்டி, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சுவரில் எதையும் மாட்டக் கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். முதல் வெள்ளிக்கிழமை அவர் இரும்பு டேப்பைப் பட்டன் கையில் கொடுத்தார். எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். டீச்சரும் தப்பாகச் சொல்வேன், டேப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்று நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். பிறகு அவளை ஜன்னலின் அகலத்தை அளக்கச் சொன்னார். அந்த ஜன்னல் எத்தனை என்று அவருக்கே தெரியாது. வேண்டுமென்றே அளக்காமல் விட்டிருந்தார்.

தட்டியின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன் டேப்பை நீட்டினாள். ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள், மறுமுனையில் கண்ணை நேராக வைத்தாள். எவ்வளவு சுத்தமான கை! எண்ணைப் பார்த்தாள். டேப்பை விடாமல் திரும்பி ஸ்கேல் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு வரணும் டீச்சர்?"

மற்ற இருபத்தேழு பேரும் நோட்டைத் திறந்து, பென்சிலைக் கையில் பிடித்து, அவர் சொல்லப்போகும் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.